தென்னைக்கு நூலகத்தில் என்ன விலாசம்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி நூலக நேரத்தில் என்னிடம் வந்தாள். "டீச்சர், தென்னையில வர்ற நோயைப் பத்திப் புஸ்தகம் இருக்கா? அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றாள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. தோப்பும் தேங்காயும் சம்பந்தப்படாத வீடு எங்கள் வகுப்புகளில் குறைவு. தமிழ் அலமாரியில் தேடி ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் நோயைப் பற்றி ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது.

ஓணப் பரீட்சை முடிந்து மலையாள அலமாரியைத் தூசி தட்டும்போது, தென்னை நோய்கள் பற்றியே முழுதாக ஒரு புத்தகம் கிடைத்தது, படங்களோடு. ஆங்கில அலமாரியில் இன்னொன்று. மூன்றும் ஒரே அறையில், பத்தடி தூரத்துக்குள்தான் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு மலையாளம் நன்றாகவே படிக்க வரும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும். புத்தகத்தை அவள் கையில் கொடுத்தபோது, அவர்கள் தோப்பில் இரண்டு மரத்தை வெட்டிவிட்டதாகச் சொன்னாள்.

பொருள்வாரி அடுக்கு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் நூலகம் அதுவரை அடுக்கப்படாமல் கிடந்தது என்று சொல்ல முடியாது. தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று அலமாரிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்டாக் ரிஜிஸ்டர் எண்ணின்படி, அதாவது பள்ளிக்கு வந்துசேர்ந்த வரிசைப்படி, புத்தகங்கள் நின்றன. வருஷக் கடைசியில் புத்தகங்களைச் சரிபார்க்க இதைவிட வசதியான முறை கிடையாது. 412-ம் எண் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம். ஆனால் எந்தப் பிள்ளையும் வந்து 412-ம் எண்ணைக் கேட்பதில்லை. தென்னையைக் கேட்கிறது, பாம்பைக் கேட்கிறது, கால்பந்தைக் கேட்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் பலகையில் எழுதிப் போடத் தேவையில்லை. ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு தினம். 1945-ல் திருவிதாங்கூரில் கிரந்தசாலா சங்கம் என்ற நூலகச் சங்கத்தைத் தொடங்கிய பி.என்.பணிக்கரின் நினைவு நாள் அது. அந்த வாரம் நாற்பது புத்தகங்களைக் கூடத்துத் தரையில் கொட்டி, "உங்களுக்குச் சரி என்று படுகிறபடி அடுக்குங்கள்" என்று விட்டுவிட்டேன். ஒரு கூட்டம் உயரப்படி அடுக்கியது. இன்னொன்று அட்டை நிறப்படி. மூன்றாவது மொழிப்படி. பார்க்க எல்லாமே அழகாகத்தான் இருந்தன. பிறகு ஒவ்வொரு கூட்டத்திடமும் போய், "பறவைகளைப் பற்றி இங்கே என்னென்ன இருக்கிறது?" என்று கேட்டேன். மூன்று கூட்டமும் எல்லாப் புத்தகங்களையும் மறுபடி புரட்ட வேண்டியிருந்தது.

எந்த அடுக்கும் ஒரு கேள்விக்குத்தான் சட்டென்று பதில் சொல்லும். நிற அடுக்கு, சிவப்பு அட்டைப் புத்தகம் எங்கே என்பதற்குச் சொல்லும். ரிஜிஸ்டர் அடுக்கு, முதலில் வந்தது எது என்பதற்குச் சொல்லும். நூலகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் கேட்பது "இதைப் பற்றி என்ன இருக்கிறது?" என்பதை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அடுக்குதான் பொருள்வாரி அடுக்கு. தேடிப் போன புத்தகம் இல்லாவிட்டாலும் அதன் பக்கத்தில் நிற்பது உதவும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இந்த அண்டைவீடுதான். நாம் பெயரே கேள்விப்படாத புத்தகம், நாம் தேடிப் போன புத்தகத்தின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கும்.

சரி, எண் எங்கிருந்து வருகிறது? உலகத்தில் மிக அதிகமான நூலகங்கள் வைத்திருக்கும் முறை டியூயி தசமப் பகுப்பு. மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் 1876-ல் வெளியிட்டார். அறிவு முழுவதையும் அவர் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரித்தார். 000-ல் பொது நூல்கள், கலைக்களஞ்சியம், கணினி. 100 தத்துவமும் உளவியலும். 200 சமயம். 300 சமூகம்: பஞ்சாயத்து, சட்டம், கல்வி, வாணிபம், திருவிழா, நாட்டுப்புறக் கதை எல்லாம் இதில். 400 மொழி. 500 இயற்கை அறிவியல். அந்த அறிவியலை வேலைக்குப் பயன்படுத்தினால் அது 600: மருத்துவம், பொறியியல், விவசாயம், சமையல். 700 கலையும் விளையாட்டும். 800 இலக்கியம். 900 வரலாறும் புவியியலும். இதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நான் முதல் வருஷம் செய்யச் சொன்னேன். பிள்ளைகள் ஒப்பித்தார்கள், ஆனால் ஒரு புத்தகத்தையும் எடுக்கத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கிப் பாருங்கள். எங்களுக்கு அது தென்னை: 634.61. முதல் இலக்கம் 6, அறிவை வேலைக்குப் பயன்படுத்தும் துறை. 63 என்றால் விவசாயம். 634 பழ மரங்களும் தோப்புகளும் காடுகளும். 634.6 வெப்பநாட்டுப் பழ மரங்களில் ஒரு கூட்டம். 634.61 தென்னை. அடுத்த வீடான 634.62-ல் பேரீச்சை. தபால் விலாசத்தில் மாநிலம், மாவட்டம், தாலுகா, ஊர், வீடு என்று இறங்குவது போலத்தான். இலக்கம் கூடக் கூட விஷயம் குறுகிக்கொண்டே போகும். இதைக் கண்டுகொண்ட பிள்ளை தெரியாத எண்ணைப் பார்த்தாலும், "6-ல ஆரம்பிக்குது, 63, அப்படின்னா விவசாயம்தான்" என்று பாதி வழி தானாகவே போய்விடும்.

புள்ளிக்கு அப்புறம் வரும் இலக்கங்களில்தான் பெரியவர்கள்கூடத் தடுக்குவார்கள். மா 634.44, தென்னை 634.61, வாழை 634.772, காடு வளர்ப்பு 634.9. இந்த நான்கையும் வரிசைப்படுத்தச் சொன்னால் பாதி வகுப்பு 634.9-ஐ முதலிலும் 634.772-ஐக் கடைசியிலும் வைக்கும். 772 பெரிது, 9 சின்னது என்பது அவர்கள் கணக்கு. தப்பு என்று சொல்லி அடித்துவிட வேண்டாம். காசாக மாற்றிச் சொல்லுங்கள். 634 ரூபாய் 61 காசு பெரிதா, 634 ரூபாய் 90 காசு பெரிதா? சந்தையில் தேங்காய் எடுத்துக் கொடுத்துப் பழகிய பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. புள்ளிக்கு வலப்பக்கம் உள்ளதை முழு எண்ணாகப் படிக்காமல் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வேண்டும். முதல் இலக்கத்தை ஒப்பிடு. அது சமமானால் அடுத்தது. 7 என்பது 9-க்கு முன்னால். அதனால் 634.772 எவ்வளவு நீளமாக இருந்தாலும் 634.9-க்கு முன்னால்தான் நிற்கும். கணித வகுப்பில் தசமம் வராத இரண்டு பிள்ளைகளுக்கு எங்கள் நூலகத்தில்தான் தசமம் வந்தது.

புத்தக முதுகில் ஒட்டும் சீட்டில் இந்தப் பகுப்பு எண் மேல் வரியில் இருக்கும். அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள். 634.61-ல் ஐந்து புத்தகம் இருந்தால் அவற்றுக்குள் வரிசை அந்த எழுத்துகளின்படி. இரண்டு வரியும் சேர்ந்ததுதான் அந்தப் புத்தகத்தின் அழைப்பு எண்.

அடுத்து வருவது கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டிய இடம். நூலகத்தில் யானை எங்கே இருக்கும்?

எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டபோது எல்லோரும் "விலங்குகள்ல" என்றார்கள். சரிதான். காட்டு யானையின் உடல், உணவு, கூட்டம் பற்றிய புத்தகம் விலங்கியலில் 599.67-ல் இருக்கும். ஆனால் யானையைப் பிடித்து வளர்ப்பது, பாகன் வேலை, தீனி என்று எழுதியிருந்தால் அது மாடு, ஆடு, கோழியோடு 636-ல் போகும். யானை வரும் நாட்டுப்புறக் கதை 398.2-க்குப் போகும். யானையைப் பற்றித் தமிழில் ஒருவர் நாவல் எழுதினால் அது தமிழ் இலக்கியத்துக்குப் போகும். யானை ஒன்றுதான், ஆனால் அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கமிருந்து பார்க்கிறார்கள். டியூயி முறை முதலில் பார்ப்பது புத்தகத்தில் என்ன வருகிறது என்பதை அல்ல, எந்தத் துறையின் கண்ணால் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்பதை. வகுப்பில் இது பிடிபட ஒரு மணி நேரமானது. அந்த ஒரு மணி நேரத்தை நான் குறைக்கவே மாட்டேன்.

எங்கள் ஊர்த் தண்ணீரும் அப்படித்தான். ஆழியாற்றுத் தண்ணீர் சிற்றூர்ப் புழை என்ற எங்கள் ஆற்றுக்கு வருகிறது. அது வந்தால்தான் இங்கே வயல். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைப் பற்றி மூன்று பேர் மூன்று புத்தகம் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அணைகளை எப்படிக் கட்டினார்கள் என்று ஒருவர் எழுதினால் அது 627.8. தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலத்துக்கும் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று எழுதினால் 333.91. அந்தத் தண்ணீர் வந்த பிறகு இந்தத் தாலுகா எப்படி மாறியது என்ற வரலாறாக எழுதினால் 954.83. "அப்போ மூணு எடத்துல தேடணுமா டீச்சர்?" என்று கேட்டார்கள். ஆமாம், தேட வேண்டும். அதற்குத்தான் டியூயி தன் அட்டவணையோடு ஒரு சொல்லடைவையும் சேர்த்தார். யானை என்று பார்த்தால் அது எந்தெந்த எண்களில் வரும் என்று அதில் இருக்கும். எங்கள் நூலகத்தில் பிள்ளைகளே ஒரு நீள நோட்டில் அகரவரிசையில் அப்படி ஒன்று எழுதி வாசலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கிறார்கள். புதுப் பிள்ளைகள் அலமாரிக்குப் போகும் முன் அதைத்தான் திறக்கிறார்கள்.

எங்கே வைப்பது என்று முடிவாகாத புத்தகங்கள் எப்போதும் இருக்கும். அப்போது நான் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விதான் கேட்பேன். இதில் பாதிக்குமேல் எதைப் பற்றி இருக்கிறது? இதைத் தேடி யார் வருவார்? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதில் பல சமயம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும்.

இலக்கியத்துக்கு வரும்போது விதி மாறுகிறது. கதை, கவிதை, நாடகத்தை அது எதைப் பற்றியது என்று பார்த்து வைப்பதில்லை. எந்த மொழியில் பிறந்தது, எந்த வடிவம் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். தமிழ் இலக்கியம் 894.811. அதன் பின்னால் 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும். மலையாளம் 894.812. வரைபடத்தில் எல்லை ஊரான வேலந்தாவளத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு மொழிகள் நூலகத்திலும் ஒட்டியே நிற்கின்றன. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சந்தோஷம் வந்தது. தெலுங்கு கொஞ்சம் தள்ளி 894.827-ல்.

மொழிபெயர்ப்பை எங்கே வைப்பது? தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கினார். கையில் இருப்பது தமிழ்ப் புத்தகம். ஆனாலும் அது மலையாள நாவல் என்பதால் 894.8123-ல்தான் போகும். அதனால் மூலமும் தமிழாக்கமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டு மொழியும் தெரிந்த எங்கள் பிள்ளைகள் சிலர் இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியை இங்கே சொல்லியாக வேண்டும். "இங்கிலீஷுக்கு 820-ன்னு மூணே நம்பர். நம்மளுதுக்கு மட்டும் ஏன் டீச்சர் இவ்ளோ நீளம்?" நியாயமான கேள்வி. டியூயி இந்த முறையை 1870-களில் அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட் என்ற கல்லூரியின் நூலகத்தில் உட்கார்ந்து உண்டாக்கினார். அவருடைய அலமாரியில் இருந்த உலகம் அதில் தெரிகிறது. 810 அமெரிக்க இலக்கியம், 820 ஆங்கிலம், 830 ஜெர்மன், 840 பிரெஞ்சு என்று 880 கிரேக்கம் வரை ஐரோப்பாவோடே ஓடி, மிச்சம் இருக்கும் எல்லா மொழிகளையும் 890-க்குள் போட்டார். இரண்டாயிரம் வருஷ இலக்கியம் உள்ள தமிழ் அந்த நெரிசலுக்குள் ஆறு இலக்கத்தோடு நிற்கிறது. 200-லும் அதே கதைதான். பெரும்பகுதி கிறித்தவத்துக்கு, மற்ற சமயங்கள் எல்லாம் 290-க்குள். பிள்ளைகளிடம் இதை மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எண்களை மனிதர்கள்தான் உண்டாக்கினார்கள். ஒவ்வொரு மனிதரும் தான் நின்ற இடத்திலிருந்துதான் உலகத்தைப் பார்த்தார். தன் மொழிக்கு முதலிடம் தர விரும்பும் நூலகம் 810-ஐ அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்று டியூயி அட்டவணையே பின்னாளில் வழி விட்டிருக்கிறது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை நாளை பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ பெரிய நூலகத்துக்குப் போகும்போது அதே எண் அங்கேயும் கைகொடுக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இந்தக் குறைகளைப் பார்த்து வேறு வழி தேடிய ஒருவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர்.ரங்கநாதன், 1892-ல் பிறந்தவர், முதலில் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனார். டியூயி முறையில் எல்லா எண்ணும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, புதிய விஷயம் வந்தால் இடமில்லை என்பது அவருடைய குறை. ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே சில இரும்புப் பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டி வண்டி, பாலம், பளுதூக்கி எதை வேண்டுமானாலும் செய்யலாம். எண்ணையும் அப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது. 1933-ல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு அப்படிப் பிறந்தது. துண்டுகளை இணைக்க அவர் முதலில் எடுத்துக்கொண்ட திருகு முக்காற்புள்ளி, ஆங்கிலத்தில் கோலன். பெயரும் அதிலிருந்துதான்.

அவர் கேட்கும் கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், எண்கள் வேண்டாம். எந்தப் பொருள்? அதில் எந்தக் கூறு? என்ன நடக்கிறது? எங்கே? எப்போது? "1970-களில் கேரளத்தில் தென்னை வேர் வாடல் நோயைக் கட்டுப்படுத்திய முறைகள்" என்று ஒரு புத்தகம் இருந்தால், இந்தக் கேள்விகளே அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடும். நான் எந்தப் புத்தகத்துக்கு எண் போடும் முன்னும் இவற்றைக் கேட்டுக்கொள்கிறேன், போடுவது டியூயி எண்ணாக இருந்தாலும்.

எண் எவ்வளவு உதவும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. நாங்கள் பேச்சில் சித்தூர் என்று சொல்வது எங்கள் தாலுகாவான சிற்றூரை. சுதந்திரத்துக்கு முன் பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டமாக இருந்தபோது, இந்தத் தாலுகா மட்டும் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் உண்டு. அங்கேயும் நகரி பக்கம் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. இரண்டின் வரலாற்றையும் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் குழம்பிப் போகும். எண்ணில் குழப்பமில்லை. தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரளம் 954.83, ஆந்திரம் 954.84. மூன்றும் ஒரே தட்டில், எல்லைக் கற்கள் இல்லாமல்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. சின்ன வகுப்புகளுக்கு எண்ணுக்கு முன் நிறம் கொடுங்கள். பத்துப் பிரிவுக்குப் பத்து நிற டேப் முதுகில் ஒட்டினால் போதும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியான தட்டுக்குப் போகும். சிறிய நூலகத்துக்குப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கத்துக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. இலக்கியத்துக்கு மட்டும் முழு எண்ணையும் எழுதுங்கள். ரிஜிஸ்டர் எண்ணை அழிக்க வேண்டாம், அது உள்பக்கத்தில் இருக்கட்டும், கணக்குக்கு அது வேண்டும். படித்த புத்தகத்தைப் பிள்ளைகள் தாங்களே தட்டில் செருக விடாமல் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். இடம் மாறி நிற்கும் புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் இரண்டு பேர், ஆளுக்கொரு தட்டு, எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வரிசையைச் சரிபார்க்கட்டும்.

ஒன்றில் நாங்கள் தவறினோம். முதல் முறை அடுக்கியபோது அழகுக்காக எல்லாத் தட்டையும் நெருக்கி நிரப்பிவிட்டோம். அடுத்த மாதம் பதினைந்து புதுப் புத்தகம் வந்தது. ஒன்றைச் செருக ஒரு அலமாரி முழுவதையும் நகர்த்த வேண்டியதாயிற்று. ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி, நூலகம் வளரும் உயிர் என்பது. அதை அன்று கைவலியோடு புரிந்துகொண்டோம். இப்போது ஒவ்வொரு தட்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டிருக்கிறோம். 634.61-ல் இன்றைக்கு ஏழு புத்தகங்கள் நிற்கின்றன, தமிழ் மூன்று, மலையாளம் மூன்று, ஆங்கிலம் ஒன்று, அதற்கு அப்புறம் ஒரு சாண் இடம்.